எவ்வளவு? எத்தனை? – ஆங்கிலத்தில் எண்ணுவனவும் அளப்பனவும்



க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகும் ஒரு மாணவி எழுதிய கடிதத்தில் இருந்து பாடத்தைத் தொடங்குவோம். ஆவணி மாதம், ஊரில் கிணறுகள் வற்றிவிட்டன. பவுசரில் குடிநீர் அனுப்பும்படி பிரதேச சபைத் தவிசாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். இதுவே வினா. அவள் எழுதிய முக்கியமான வாக்கியம் இது:

"தெயர் இஸ் எ லிற்றில் வோட்டர் இன் அவர் வெல்ஸ்."

இதில் எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் வாசிக்கும் தவிசாளர் என்ன விளங்கிக்கொள்வார்? "எங்கள் கிணறுகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது." இருக்கிறதென்றால் பவுசர் எதற்கு? அவள் சொல்ல வந்தது, தண்ணீர் இல்லாத குறைதான் என்பது. அதற்கு அந்த வாக்கியத்தில் உள்ள "எ" என்ற ஓர் எழுத்தை எடுத்துவிட வேண்டும். "தெயர் இஸ் லிற்றில் வோட்டர் இன் அவர் வெல்ஸ்." இப்பொழுதுதான் அது முறைப்பாடு ஆகிறது.

பரீட்சையில் இது ஒரு புள்ளி. ஊர்ச்சங்கத்தின் பெயரில் நீங்களே ஒருநாள் உண்மையான கடிதம் எழுத நேர்ந்தால் அது ஒரு பவுசர் தண்ணீர்.

கவனிக்குக: இப்பாடத்தில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளேன். ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் உங்கள் கையாலேயே வரட்டும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விதி

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் இரண்டு வகை: எண்ணக்கூடியவை, எண்ணமுடியாதவை. இதைக் கேட்டவுடனேயே பலர் பயந்து பட்டியலைப் பாடமாக்கத் தொடங்குகிறார்கள். பட்டியல் பிறகு பார்க்கலாம். அம்மா கடைக்கு அனுப்பும்போது நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?

"எத்தனை முட்டை அம்மா?" "எவ்வளவு சீனி அம்மா?"

யாராவது "எத்தனை சீனி" என்று கேட்பார்களா? சிறு பிள்ளையும் கேட்காது. "எத்தனை" என்பது எண்ணுவதற்கு. "எவ்வளவு" என்பது அளப்பதற்கு. ஆங்கிலத்தின் "ஹவ் மெனி" உங்கள் "எத்தனை". "ஹவ் மச்" உங்கள் "எவ்வளவு". யாரும் கற்பிக்காமலே நீங்கள் பேசிப் பழகிய வேறுபாடு இது.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருவன். அங்கே "எவ்வளவு தண்ணீர் வேண்டும்" என்று ஒருவரும் கேட்கவில்லை. "எத்தனை வாளி" என்பதுதான் பேச்சு. தண்ணீரை எண்ணமுடியாது; வாளியை எண்ணலாம். எண்ணமுடியாத பொருளுக்கு ஒரு பாத்திரமோ அளவோ வந்த உடனே "மச்" போய் "மெனி" வருகிறது.

ஹவ் மச் வோட்டர்? – ஹவ் மெனி பக்கெற்ஸ் ஒஃப் வோட்டர்?
ஹவ் மச் பெடி? – ஹவ் மெனி பாக்ஸ் ஒஃப் பெடி?

"பெடி" என்பது நெல். மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நெல், அரிசி, சோறு என்று நாங்கள் மூன்றாகப் பிரித்துச் சொல்வதில் பின் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "றைஸ்" என்ற ஒரே சொல்தான். பெடி, றைஸ் இரண்டுமே எண்ணமுடியாதவை. அறுவடை முடிந்ததும் "ஏக்கருக்கு எத்தனை மூடை?" என்று கேட்கிறோம். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பும்போது "எத்தனை அடி தண்ணீர்?" என்று கேட்கிறோம். "ஹவ் மெனி ஃபீற் ஒஃப் வோட்டர்?" நீர்ப்பாசனத் திணைக்களம் குளத்தின் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்லும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர் அடி. ஏறக்குறைய 1,233 கன மீற்றர். அளவு வந்தவுடன் குளத்து நீரையும் எண்ணலாம்.

"காசை எண்ணுகிறோமே, மனி ஏன் எண்ணமுடியாத சொல்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. நீங்கள் எண்ணுவது காசை அல்ல, ரூபாயை. "ஐந்து காசு தா" என்று இன்று யார் கேட்கிறார்கள்? "ஐந்து ரூபாய்", "இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்" என்றுதான் கேட்கிறோம். "எவ்வளவு காசு?" என்பதே தமிழிலும் வழக்கு. ஆகவே ஹவ் மச் மனி, ஹவ் மெனி றுப்பீஸ்.

தமிழ் ஏமாற்றும் இடங்கள்

மேலே சொன்ன விதி பெரும்பாலான இடங்களில் உங்களைக் காப்பாற்றும். காப்பாற்றாத இடங்களில்தான் புள்ளிகள் போகின்றன. எனவே இப்பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

முதலாவது, சனம். "கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு சனம்!" என்கிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்தவர்கள் "எத்தனை சனம்" என்று சொல்வது குறைவு. கடல்போல் அளந்துதான் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் "மச் பீப்பிள்" என்று எழுதிவிடுகிறீர்கள். ஆங்கிலத்தில் "பீப்பிள்" எண்ணக்கூடிய சொல், அதுவும் பன்மை. மெனி பீப்பிள். வினைச்சொல்லும் பன்மையில்தான்: "பீப்பிள் ஆர்", "பீப்பிள் ஹாவ்". "சனம்" என்று மனதில் வந்தால் உடனே அதைப் "பேர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். "எத்தனை பேர்?" – ஹவ் மெனி பீப்பிள்?

இதைப் போல எஸ் எழுத்து இல்லாமலே பன்மையாக நிற்கும் சொற்கள் இன்னும் இரண்டு: "பொலிஸ்", "கற்றில்". "த பொலிஸ் ஹாவ் கம்." "த கற்றில் ஆர் இன் த பெடி ஃபீல்ட்." பட்டி மாடு வயலுக்குள் இறங்கினால் அது எப்பொழுதும் பன்மைதான். ஒரு மாட்டைச் சொல்ல "எ கற்றில்" என்று எழுதக்கூடாது. எ கௌ, எ புல் என்று எழுத வேண்டும்.

இரண்டாவது, "ஒரு". தமிழில் எதற்கும் முன்னால் "ஒரு" போடலாம். ஒரு தகவல், ஒரு செய்தி, ஒரு அறிவுரை, ஒரு வேலை. ஆங்கிலத்தில் இவை எல்லாம் எண்ணமுடியாத சொற்கள். இன்ஃபர்மேஷன், நியூஸ், அட்வைஸ், வேர்க் ஆகியவற்றுக்கு முன்னால் "எ" அல்லது "அன்" வராது; பின்னால் பன்மை காட்டும் எஸ் வராது; வினைச்சொல் ஒருமையில் நிற்கும். ஒன்று என்று சொல்லியே ஆகவேண்டுமானால் "எ பீஸ் ஒஃப்" என்பதைச் சேர்க்கலாம்: எ பீஸ் ஒஃப் அட்வைஸ், ற்ரூ பீசஸ் ஒஃப் இன்ஃபர்மேஷன். அவ்வளவு தேவையில்லாத இடத்தில் "ஸம்" போதும். எனக்கு "ஸம்" தான் பிடிக்கும். அவசரத்தில் பிழை விட இடமில்லாத சொல்.

"நியூஸ்" இல் கடைசியில் எஸ் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது பன்மை எஸ் அல்ல. த நியூஸ் இஸ் குட். "மத்தமற்றிக்ஸ்" என்பதும் அப்படியே: மத்தமற்றிக்ஸ் இஸ் ஈஸி என்று எழுதுங்கள் (உண்மையோ இல்லையோ, இலக்கணம் சரி).

"வேர்க்" என்ற சொல்லால் போகும் புள்ளிகள் மிக அதிகம். "எனக்கு நிறைய வேலைகள் இருக்கின்றன" என்பதை "ஐ ஹாவ் மெனி வேர்க்ஸ்" என்று எழுதுவார்கள். சரியானது: ஐ ஹாவ் எ லொற் ஒஃப் வேர்க். "அண்ணாவுக்கு வவுனியாவில் ஒரு வேலை கிடைத்தது" என்றால் அது தொழில், அதற்கு எண்ணக்கூடிய இன்னொரு சொல் உண்டு: "மை பிரதர் கொற் எ ஜொப் இன் வவுனியா." "ஹோம்வேர்க்" என்பதும் வேர்க்கின் பிள்ளைதான். ஹோம்வேர்க்ஸ் என்று ஒரு சொல் இல்லை.

மூன்றாவது, கூட்டுப்பெயர்கள். கதிரையை எண்ணலாம், மேசையை எண்ணலாம், அலுமாரியை எண்ணலாம். மூன்றையும் சேர்த்துத் தளபாடங்கள் என்று தமிழில் பன்மையாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் "ஃபேர்னிச்சர்" ஒரு குவியலுக்குப் பெயர், குவியலை எண்ணுவதில்லை. "எக்குயிப்மென்ற்", "லகேஜ்" இரண்டும் இதே இனம். சந்திக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் "ஃபேர்னிச்சர்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போகிறீர்கள். பலகை எழுதுபவருக்குப் பரீட்சை இல்லை, உங்களுக்கு உண்டு. பாடசாலை அறிக்கைகளில் "ஸ்ராஃப்" என்ற சொல்லையும் கவனியுங்கள். பத்து ஆசிரியர்களைப் பத்து "ஸ்ராஃப்ஸ்" என்று எழுதக்கூடாது. "ரென் மெம்பர்ஸ் ஒஃப் ஸ்ராஃப்" என்று எழுத வேண்டும்.

நான்காவது, சேதம். இது எங்கள் பகுதி மாணவர் தெரிந்திருக்க வேண்டிய சொல். 2018 டிசெம்பர் மாதம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது நினைவிருக்கலாம். அது பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் "த ஃப்ளட் கோஸ்ட் மெனி டமேஜஸ்" என்று வருகிறது. "டமேஜ்" சேதம், எண்ணமுடியாதது. எஸ் சேர்ந்து "டமேஜஸ்" ஆனால் பொருளே மாறிவிடும்: நீதிமன்றம் வழங்கச் சொல்லும் நட்டஈடு. வெள்ளம் நட்டஈடு கொடுத்தது என்று எழுதினால் பரீட்சகர் சிரிப்பாரே ஒழியப் புள்ளி தரமாட்டார். "த ஃப்ளட் கோஸ்ட் எ லொற் ஒஃப் டமேஜ்." வீடுகளை எண்ண வேண்டுமானால், "மெனி ஹவுசஸ் வேர் டமேஜ்ட்."

ஐந்தாவது, "எத்தனை", "எவ்வளவு" இரண்டுமே வராத கேள்விகள். "எத்தனை மணி?" என்பதற்கு "ஹவ் மெனி ஒக்ளொக்" என்று கேட்காதீர்கள்; "வொற் ரைம் இஸ் இற்?" எவ்வளவு தூரம் என்றால் ஹவ் ஃபார். எவ்வளவு நேரம் என்றால் ஹவ் லோங். எத்தனை வயது என்றால் ஹவ் ஓல்ட். இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை.

ஒரே சொல், இரு வேடம்

சில சொற்கள் சில வேளை எண்ணக்கூடியவை, சில வேளை எண்ணமுடியாதவை. முற்றத்தில் மேய்வது "எ சிக்கன்". கறியில் கிடப்பது "சிக்கன்", "எ" இல்லை. "ஐ ஏற் எ சிக்கன்" என்றால் ஒரு முழுக் கோழியையும் தனியே சாப்பிட்டீர்கள் என்று பொருள். எழுதும் தாள் "பேப்பர்". ஒன்று வேண்டுமானால் எ ஷீற் ஒஃப் பேப்பர். ஆனால் பத்திரிகையும் வினாத்தாளும் "எ பேப்பர்" ஆகலாம். தலைமுடி முழுவதும் "ஹெயர்", ஒருமை: "ஹேர் ஹெயர் இஸ் லோங்." சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் மட்டும் "எ ஹெயர்". நேரம் "ரைம்" எண்ணமுடியாதது. தடவை என்ற பொருளில் எண்ணலாம்: த்றீ ரைம்ஸ்.

பாணைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையில் "இரண்டு பாண் தாங்கோ அண்ணை" என்று கேட்பது தமிழில் சரி. ஆங்கிலத்தில் "பிறெட்" எண்ணமுடியாதது. ற்ரூ லோவ்ஸ் ஒஃப் பிறெட். வெட்டிய துண்டு என்றால் ஸ்லைஸ். தேத்தண்ணீருக்கு மட்டும் ஆங்கிலேயர் சலுகை கொடுக்கிறார்கள்: கடையில் "ற்ரூ ரீஸ், ப்ளீஸ்" என்று அவர்களே கேட்பார்கள். பரீட்சையில் நீங்கள் "ற்ரூ கப்ஸ் ஒஃப் ரீ" என்றே எழுதுங்கள்.

கொஞ்சம் இருக்கிறதா, கொஞ்சந்தான் இருக்கிறதா?

இனி, தொடக்கத்தில் பார்த்த கடிதத்துக்கு வருவோம். நான்கு சொற்கள்:

எண்ணுவனவற்றுக்கு: "எ ஃபியூ", "ஃபியூ".
அளப்பனவற்றுக்கு: "எ லிற்றில்", "லிற்றில்".

"எ" இருந்தால் இருப்பதைச் சொல்கிறோம். "எ" இல்லாவிட்டால் இல்லாமையைச் சொல்கிறோம். அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்! போத்தலில் கால்வாசி மண்ணெண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் இருக்கு, இன்றிரவு படிக்கலாம்" என்றால் எ லிற்றில். "கொஞ்சந்தான் இருக்கு, நாளைக்கு என்ன செய்வது" என்றால் லிற்றில். போத்தல் ஒன்றுதான், அதைப் பார்க்கும் மனம் வேறு. தமிழில் "தான்" செய்யும் வேலையை ஆங்கிலத்தில் "எ" என்ற எழுத்தின் இன்மை செய்கிறது.

"ஐ ஹாவ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் முல்லைத்தீவு" – போனால் தங்க இடம் உண்டு. "ஐ ஹாவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் இன் முல்லைத்தீவு" – அங்கே எனக்கு ஆள் இல்லை.

வினாத்தாளில் இடைவெளி நிரப்பும் வினாவில் இவை வந்தால் அந்த வாக்கியத்தின் மற்றப் பாதியைப் பாருங்கள். "ஸோ", "பட்" போன்ற இணைப்புச் சொற்கள் அங்கே நின்று விடையைச் சொல்லிக் கொடுக்கும். அதை வாசிக்காமல் ஊகித்து எழுதுபவர்கள்தான் அதிகம்.

லெஸ், ஃபியூவர்

குறைவு என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். அளப்பனவற்றுக்கு லெஸ்: லெஸ் றெயின், லெஸ் சுகர். எண்ணுவனவற்றுக்கு ஃபியூவர்: ஃபியூவர் ஸ்ருடென்ற்ஸ், ஃபியூவர் பஸ்ஸஸ். கூடுதல் என்பதற்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் "மோர்" தான். அதனால்தான் "லெஸ்" ஐயும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடத் தோன்றுகிறது.

உங்களுக்கு மட்டுமல்ல, ஆங்கிலேயருக்கும் தோன்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் எண்ணக்கூடியவற்றுக்கும் "லெஸ்" வழங்கியது. 1770 இல் றொபேர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றிய தம் குறிப்புகளில், அப்படியான இடங்களில் "ஃபியூவர்" தமக்கு நல்லதாகப் படுகிறது என்று எழுதினார். ஒருவரின் விருப்பமாகத் தொடங்கியது பிறகு பாடப்புத்தக விதியாகிவிட்டது. பிரித்தானியாவின் பெரிய அங்காடியான டெஸ்கோவில், சில பொருட்களே வாங்குபவர்கள் காசு கட்டும் இடத்துக்கு மேல் "ரென் ஐற்றம்ஸ் ஓர் லெஸ்" என்று பலகை இருந்தது. பிழை என்று இலக்கணம் பார்ப்போர் முறையிட்டு வந்தார்கள். 2008 இல் அவர்கள் லெஸ்ஸும் வேண்டாம் ஃபியூவரும் வேண்டாம் என்று "அப் ரு ரென் ஐற்றம்ஸ்" என மாற்றிவிட்டார்கள். ஆங்கிலேயருக்கே இந்த இடத்தில் தடுமாற்றம் என்றால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் படத்திலும் பாட்டிலும் "லெஸ் பீப்பிள்" என்று கேட்டேன் சேர் என்று பரீட்சகரிடம் வாதாட முடியாது. விடைத்தாளில் விதிப்படியே எழுதுங்கள்.

விதிக்குள் ஒரு விலக்கு உண்டு. தூரம், நேரம், காசு, நிறை ஆகியவற்றுக்கு முன்னால் இலக்கம் இருந்தாலும் "லெஸ் தான்" என்றே வரும். லெஸ் தான் ஃபைவ் கிலோமீற்றர்ஸ், லெஸ் தான் ற்ரூ அவர்ஸ், லெஸ் தான் ஃபைவ் ஹண்ட்றட் றுப்பீஸ். ஏனென்றால் ஐந்து கிலோமீற்றர் என்பது ஐந்து தனித்தனிப் பொருட்கள் அல்ல, ஒரே தூரம்.

வரைபு விவரிக்கும் வினா

வரைபையோ அட்டவணையையோ பார்த்து விவரிக்கும் வினாவில் இதுவரை படித்த எல்லாமே ஒன்றாக வந்து நிற்கும். அங்கே "அமௌன்ற்" என்ற சொல் அளப்பனவற்றுக்கு, "நம்பர்" எண்ணுவனவற்றுக்கு. "த அமௌன்ற் ஒஃப் ஸ்ருடென்ற்ஸ்" என்பது மாணவரை மூடையில் கட்டி நிறுத்ததுபோல் இருக்கும். த நம்பர் ஒஃப் ஸ்ருடென்ற்ஸ் என்றே எழுதுங்கள்.

மழைவீழ்ச்சி வரைபு ஒன்றை எடுப்போம். எங்கள் பகுதிக்கு வடகீழ்ப் பருவக்காற்றில்தான் பெருமழை. ஆடியில் வானம் வெளித்திருக்கும். இதை இரண்டு விதமாகச் சொல்லலாம்:

தெயர் இஸ் லெஸ் றெயின் இன் ஜுலை தான் இன் நவெம்பர்.
தெயர் ஆர் ஃபியூவர் றெயினி டேய்ஸ் இன் ஜுலை தான் இன் நவெம்பர்.

மழை அளக்கப்படுகிறது, மழை நாட்கள் எண்ணப்படுகின்றன. இந்த இரண்டு வாக்கியங்களையும் பத்துமுறை எழுதிப் பார்த்தால் லெஸ், ஃபியூவர் மட்டுமல்ல, "இஸ்", "ஆர்" வரும் இடமும் பிடிபடும்.

"த நம்பர் ஒஃப்", "எ நம்பர் ஒஃப்" என்ற இரண்டையும் குழப்பாதீர்கள். "த" வந்தால் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறோம், வினை ஒருமை: "த நம்பர் ஒஃப் ஸ்ருடென்ற்ஸ் இஸ் 120." "எ" வந்தால் "பல" என்று பொருள், வினை பன்மை: "எ நம்பர் ஒஃப் ஸ்ருடென்ற்ஸ் ஆர் அப்சென்ற்."

"மச்" பற்றி ஒரு சிறு குறிப்பும் சொல்லிவிடுகிறேன். இல்லை என்று சொல்லும்போதும் கேள்வியிலும் "மச்" இயல்பாக வரும். "ஐ ஹாவ் மச் மனி" என்று உடன்பாட்டு வாக்கியத்தில் எழுதினால் செயற்கையாகக் கேட்கும். அங்கே "எ லொற் ஒஃப்" எழுதுங்கள். அது எண்ணுவனவற்றுக்கும் அளப்பனவற்றுக்கும் பொது.

பயிற்சி 1

அடைப்பினுள் உள்ளவற்றில் பொருத்தமானதைத் தெரிவுசெய்க.

1. ஹவ் (மச் / மெனி) பீப்பிள் லிவ் இன் யுவர் வில்லேஜ்?
2. அவர் ரீச்சர் கேவ் அஸ் ஸம் (அட்வைஸ் / அட்வைசஸ்).
3. ஷீ ஹாஸ் (ஃபியூ / எ ஃபியூ) ஃப்ரெண்ட்ஸ், ஸோ ஷீ ஃபீல்ஸ் லோன்லி.
4. வீ ஹாவ் (லிற்றில் / எ லிற்றில்) றைஸ், ஸோ வீ கான் குக் டின்னர்.
5. (லெஸ் / ஃபியூவர்) ஸ்ருடென்ற்ஸ் கேம் ருடே பிகோஸ் ஒஃப் த றெயின்.
6. வவுனியா இஸ் (லெஸ் / ஃபியூவர்) தான் 100 கிலோமீற்றர்ஸ் ஃப்ரொம் கிளிநொச்சி.
7. த நம்பர் ஒஃப் கார்ஸ் ஒன் திஸ் றோட் (ஹாஸ் / ஹாவ்) இன்கிறீஸ்ட்.
8. மை கிறாண்ட்மதர்ஸ் ஹெயர் (இஸ் / ஆர்) வைற்.

பயிற்சி 2

பின்வரும் கடிதப் பகுதியில் ஐந்து பிழைகள் உள்ளன. விடையைப் பார்க்குமுன் திருத்தி எழுதுக.

"வீ ஹாவ் மச் ப்ரொப்ளம்ஸ் திஸ் மன்த். தெயர் இஸ் எ லிற்றில் வோட்டர் இன் அவர் வெல்ஸ், ஸோ வீ கனொற் குக். லெஸ் பீப்பிள் ஆர் வேர்க்கிங் இன் த ஃபீல்ட்ஸ். த கற்றில் இஸ் தேர்ஸ்ற்றி. ப்ளீஸ் கிவ் அஸ் ஸம் இன்ஃபர்மேஷன்ஸ் அபௌற் த பவுசர்."

விடைகள்

பயிற்சி 1: (1) மெனி. (2) அட்வைஸ். (3) ஃபியூ – தனிமையாக உணர்கிறாள் என்பதால் இல்லாமையே கருத்து. (4) எ லிற்றில் – சமைக்கலாம் என்பதால் இருப்பதே கருத்து. (5) ஃபியூவர். (6) லெஸ் – நூறு கிலோமீற்றர் ஒரே தூரம். (7) ஹாஸ் – வினை "நம்பர்" ஐப் பின்பற்றும், "கார்ஸ்" ஐ அல்ல. (8) இஸ்.

பயிற்சி 2: "மச்" என்பது மெனி ஆக வேண்டும், ஏனெனில் ப்ரொப்ளம் எண்ணக்கூடியது. "எ லிற்றில்" இல் "எ" நீங்கும். "லெஸ் பீப்பிள்" ஃபியூவர் பீப்பிள் ஆகும். "கற்றில் இஸ்" கற்றில் ஆர் ஆகும். "இன்ஃபர்மேஷன்ஸ்" இன் இறுதி எஸ் நீங்கும். திருந்திய கடிதம்:

"வீ ஹாவ் மெனி ப்ரொப்ளம்ஸ் திஸ் மன்த். தெயர் இஸ் லிற்றில் வோட்டர் இன் அவர் வெல்ஸ், ஸோ வீ கனொற் குக். ஃபியூவர் பீப்பிள் ஆர் வேர்க்கிங் இன் த ஃபீல்ட்ஸ். த கற்றில் ஆர் தேர்ஸ்ற்றி. ப்ளீஸ் கிவ் அஸ் ஸம் இன்ஃபர்மேஷன் அபௌற் த பவுசர்."